கூட்டுப் பட்டாவில் இன்னொரு பெயர்

அடுத்த வீட்டுத் தாத்தாக்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. திருப்புல்லாணியில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பத்துக்குப் பத்து அறையில் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். பட்டா நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றுக்கு மனு என்று கேட்டு வருவார்கள். பழைய வாக்காளர் பட்டியலில் பெற்றவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சனம் வரிசை கட்டி நின்ற மாதத்தில் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. எந்தப் பாகத்தில், எந்தத் தெருவில், எந்த எழுத்துப் பிழைக்குள் யாருடைய அப்பா ஒளிந்திருப்பார் என்று அப்போது பழகிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

யாரும் ஆசைப்பட்டு முன்னோரைத் தேடி வருவதில்லை. ஏதோ ஒரு அலுவலகம் கேட்கும், தேடுவார்கள். நானும் அப்படித்தான் தேடத் தொடங்கினேன்.

சோலார் கம்பெனிக்காரர்கள் நான் பிறந்த ஊர்ப் பக்கம் நிலம் கேட்டு வந்திருந்தார்கள். எங்களுடையது வானம் பார்த்த புஞ்சை. பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் ஏறிக் கிடக்கிறது. தம்பி போன் செய்து, "அக்கா, நம்ம பட்டாவ ஒரு பிரிண்ட் எடுத்து வையி. சாயங்காலம் வாரேன்" என்றான். ஊருக்கெல்லாம் பட்டா எடுத்துக் கொடுத்தவள் எங்கள் வீட்டுப் பட்டாவை அதுவரை பார்த்ததில்லை. கட்டிக்கொடுத்த மகளுக்கு அதில் என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

அரசுத் தளத்தில் புல எண்ணைப் போட்டேன். கூட்டுப் பட்டா என்று வந்தது. தாத்தா பெயரைப் போட்டு, அவர் மகன் என்று அய்யாவின் பெயர். அதற்கு மேல் வரியில், அதே தாத்தாவுக்கு மகன் என்று இன்னொரு பெயர். எனக்கு ஐம்பது வயதாகிறது. அய்யாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊருக்குப் போய் அய்யாவிடம் கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்திருப்பாய்ங்க" என்றார்.

கம்ப்யூட்டர் தப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துணைக்காலை விழுங்கும், கொம்பை மாற்றிப் போடும், ஆம்பிளையைப் பொம்பிளை ஆக்கும். இல்லாத ஒரு மனுஷனைப் பெற்றுப் போடாது. ஆனால் அய்யாவின் முகத்தைப் பார்த்த பிறகு மேலே கேட்க வாய் வரவில்லை.

கடையில் ஆள் இல்லாத நேரங்களில் தேடினேன். முதலில் ஒரு வெளிநாட்டுத் தளம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விட மாட்டேன் என்றது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தாத்தாவின் பெயரையே போட்டேன். மொரீஷியஸிலும் பிஜியிலுமாக நாற்பது பேரைக் காட்டி, இவர்கள் உங்கள் உறவாக இருக்கலாம், பணம் கட்டினால் மிச்சத்தைச் சொல்கிறேன் என்றது. போடா என்று மூடிவிட்டேன். அப்புறம் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கும் ஆவணத் தளங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளின் பட்டியல்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு மொத்தமே பத்துப் பெயர்தான். அதையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறார்கள். ஊர் என்ற இடத்தில் ராம்நாட் என்று மட்டும் எழுதியிருந்தது. இத்தனை பேரும் யாருக்கோ பெரியப்பா என்று நினைத்தபோது மனசு கனத்துப் போனது.

கடைசியில் கிடைத்தது எந்த ஆவணத்திலும் இல்லை, ஒரு முகநூல் குழுவில். குலதெய்வம் எது என்று தெரியாதவர்கள் விசாரிப்பதற்காகவே வைத்திருக்கிற குழு அது. கோத்தகிரிக்காரர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருந்தார். அப்பா இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். ராமநாதபுரம் பக்கம் என்பதைத் தவிர ஊர்ப் பெயரைச் சொன்னதில்லை. கண்மாய்க் கரையில் அய்யனார், மூன்று மண்குதிரை, நடுக்குதிரைக்குத் தலை கிடையாது என்று மட்டும் சொல்வார். தாத்தா பெயர் இது, சித்தப்பா பெயர் இது. முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், தெரியாததால் பேத்திக்கு மொட்டை போடாமலே வைத்திருக்கிறோம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கீழே ஏழெட்டுப் பேர் கும்பிடுகிற கைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு சோதிடர் தன் போன் நம்பரைப் போட்டிருந்தார்.

அந்த இரண்டு பெயரும் என் கையில் இருந்த தாளில் இருந்தன. அந்த அய்யனார் எங்கள் அய்யனார்.

தம்பியிடம் சொன்னேன். கத்தினான். "ஏக்கா, ஒனக்கு வேற சோலியே இல்லயா? கம்பெனிக்காரன் வர்ற நேரத்துல அவுகளக் கூப்ட்டு நடுவீட்ல ஒக்கார வைக்கப் போறியா?"

"அவரு நெலத்தக் கேக்கலடா. சாமி எங்கனன்னுதான் கேக்காரு."

"சாமியக் காட்டுனா நெலத்தக் காட்டுன மாதிரித்தான். அய்யாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு, சும்மா கெட."

அவன் பேச்சில் நியாயம் இல்லை, பயம்தான் இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கருவேலங்காட்டைத் தவிர வேறு எதுவும் இல்லாதவனுடைய பயம். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் நான் எத்தனையோ பேருக்கு அவர்களுடைய அப்பனைத் தேடிக் கொடுத்திருப்பேன். ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு ஒருநாள் அவருக்கு எழுதினேன். கோயில் எனக்குத் தெரியும், குடும்பத்தைப் பற்றித் தெரியாது, நான் கணினி மையம் வைத்திருப்பவள் என்று எழுதினேன். பாதி உண்மையைச் சொல்லிப் பாவத்தில் பாதியைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன் போல. ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "மேடம், மேடம்" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டார். புதன்கிழமை என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அய்யாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன்; தம்பியும் அவன் பெண்டாட்டியும் கூடப் போகிறார்கள். சாமிக்கு உகந்த நாள் என்று அவரிடம் சொன்னேன்.

ஒரு வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். மலைக்குளிர் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி இறங்கினார்கள். அவருக்கு அறுபது இருக்கும். எனக்கு அண்ணன். "வாங்க சார்" என்றேன். இடது தோளைச் சற்றே சாய்த்து நின்றார். அய்யா அப்படித்தான் நிற்பார்.

குதிரைகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாக் குதிரைக்கும் தலை இருக்கே மேடம்."

"நடுக்குதிரைக்கு அப்புறமா ஒட்டுனாங்க சார். கிட்டப் போய்ப் பாருங்க, சிமெண்டு தெரியும்."

போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தடவியபடியே அழுதார். பொங்கல் வைத்தார்கள். பேத்திக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசினார்கள். குழந்தை கண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. அவள் எனக்கும் பேத்தி முறைதான். தூக்கவில்லை. தூக்கினால் உண்மை வாயில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார். "சிலோன்ல இருந்து வந்து மண்டபத்துல எறங்கினப்ப நான் சின்னப் பையன். நேரா இங்கதான் வந்தோம். மாட்டுக் கொட்டகையில பதினோரு நாள் இருந்தோம். சித்தப்பாதான் சோறு போட்டாரு. அப்புறம் ஏதோ மனவருத்தம், கெளம்பிட்டோம். எங்கப்பா கடைசி வரைக்கும் அவரை ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லைங்க. ஒன்பது வருஷம் முந்தி சாகறப்பகூட, தம்பி சாப்பிட்டானான்னு கேட்டாரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"சித்தப்பா இருக்காரா மேடம்? ஊருக்குள்ள போய் ஒரு தடவை பாத்துட்டுப் போயிரலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அவர் போயி ரொம்ப நாளாச்சு சார்."

"பிள்ளைங்க?"

"இல்ல சார். ஆள் யாரும் இல்ல."

சொல்லிவிட்டேன். என் அய்யாவைக் கொன்றேன், தம்பியைக் கொன்றேன், என்னையும் கொன்றேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே. இதோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் எச்சில் கையோடே எழுந்துவிட்டார்.

"பிள்ளை இல்லாமப் போயிட்டாரா" என்றார். "அப்ப அவருக்கு யாருமே எதுவும் செஞ்சிருக்க மாட்டாங்களே மேடம். அண்ணன் மகன் நான்தானே செய்யணும். நாளைக்கு ராமேஸ்வரம் போய் எங்கப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்கிறோம். சித்தப்பாவுக்கும் சேர்த்துக் குடுத்துடறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? கோயில் குழாயில் கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போய் அங்கேயே நின்றுகொண்டேன். போகும்போது அவர் மனைவி எனக்கு ஒரு சேலை வைத்துக் கொடுத்தாள். அவர் சொன்னார்: "யாருன்னே தெரியாத எங்களுக்கு இவ்வளவு செஞ்சீங்க. சொந்தம் இருந்திருந்தாகூட இப்படிச் செஞ்சிருக்காது."

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு நீரில் ஈர வேட்டியோடு நிற்கிறார். கைக்குள் எள் கலந்த தண்ணீர். கீழே எழுதியிருந்தார்: அப்பா பெயர், தாத்தா பெயர், சித்தப்பா பெயர், மூன்றையும் சொல்லிக் கொடுத்தாச்சு மேடம், மனசு நிம்மதி. மூன்றாவது பெயருக்கு உரியவர் அந்த நேரம் மதுரை பஸ் நிலையத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்பி அப்போதுதான் போனில் சொன்னான். கடையைப் பாதியில் பூட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போனேன். தம்பி வெளியே போயிருந்தான். அய்யாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். அவர் நாற்காலியில் அண்ணாந்து கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அய்யா, ஒங்க அண்ணன் மகன் வந்துட்டுப் போனாரு. நீங்க இல்லன்னு சொல்லிட்டேன். ராமேஸ்வரத்துல ஒங்களுக்கும் எள்ளும் தண்ணியும் விட்டுட்டாரு."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூடிய கண்ணைத் திறக்காமலே, "எங்கண்ணன் எப்பச் செத்தாரு?" என்று கேட்டார்.

"ஒம்பது வருசமாச்சாம்."

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு புழக்கடைத் தொட்டிக்குப் போனார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, ஒரு மாதம் தலை நனைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறினார்.

"சாவுச் செய்தி கேட்டா தலைக்கு ஊத்தணும். என்னய விடு."

சட்டையோடே மூன்று சொம்பு ஊற்றினார். அப்புறம் அங்கேயே கல்லில் உட்கார்ந்து சொன்னார். "பன்னெண்டாம் நாளு நாந்தான் வண்டியக் கட்டி ஏத்தி விட்டேன். அண்ணன் ஒண்ணுஞ் சொல்லல. ஏறி ஒக்காந்துக்கிட்டாரு. அந்தப் பயலுக்குப் போனப் போடு, நான் பேசணும். நெலமும் வேணாம், மயிரும் வேணாம். போடு."

போனை எடுத்தேன். அவர் பெயர் மேலேயே இருந்தது. ஒரு விரல் பட்டால் போதும். பட்டால், உயிரோடிருக்கும் சித்தப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வைத்தவள் யார் என்று அவருக்குத் தெரியும். மேடம் என்று கும்பிட்ட அந்த மனுஷன் என்னை என்னவென்று நினைப்பார்? விரல் போகவில்லை. போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எடுக்கலய்யா" என்றேன்.

"நாளைக்குப் போடு" என்றார், தலையிலிருந்து சொட்டச் சொட்ட.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. அந்தக் கண்ணில் சீழ் வைத்துப் பார்வை போய்விட்டது. கோத்தகிரியிலிருந்து தினமும் காலை வணக்கம் வருகிறது. நானும் பதில் வணக்கம் போடுகிறேன். ஊருக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அய்யா என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, "இன்னைக்காச்சும் எடுத்தானா?" என்று கேட்கிறார். இல்லய்யா என்கிறேன்.