பெயரைக் கடைசியில் சொல்பவர்

சனிக்கிழமை காலை அண்ணாச்சி வீட்டிலிருந்து அண்ணியின் போன் வந்தபோது நான் பர் துபாயில் முடிவெட்டும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். "அவுக போயிட்டாக" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு உடனே இன்னொன்றும் சொன்னார். "யாருக்கும் சொல்லிராதீக. மக சவுதியில தம்மாமுல இருந்து கார்ல வந்துக்கிட்டிருக்கா. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கல. பிள்ளையப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு அவளேதான் ஓட்டிட்டு வாரா. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காகன்னு மட்டுந்தான் அவளுக்குத் தெரியும்."

பாதி மழித்த கன்னத்தோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

துபாயின் போலோ மைதானங்களில் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வார நாட்களில் இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளர். குளிர்காலத்து வார இறுதிகளில் போலோ வர்ணனையாளர். நம் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் பெயரைக் கடைசியில்தான் எழுதப் போகிறேன். அது அவருடைய பழக்கம். காரணம் போகப் போகத் தெரியும்.

கோவில்பட்டிக்காரர். ஹாக்கிப் போட்டிகளுக்கு மைக் பிடித்து வளர்ந்தவர். இங்கே ஒரு கிளப்பில் அறிவிப்பாளர் வராத நாளில் சும்மா உட்காரப் போனவர், பிறகு அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஹாக்கி மட்டைய நீட்டமாக்கி, ஆளத் தூக்கிக் குதிரை மேல வச்சா போலோ. அம்புட்டுதான்யா" என்பார். பக்கத்து நாற்காலியில் ஸ்கோரும் கடிகாரமும் பார்த்தவன் நான். எனக்கு ஊர் திருச்சி. நாங்கள் சண்டை போடாத வாரம் குறைவு. ஃபேனை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்கூட எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை.

சில வருடங்களுக்கு முன் வியன்னாவில் ஒரு காட்சி ஆட்டத்துக்கு இங்கிருந்து ஓர் அணியை அழைத்தார்கள். வர்ணனைக்கு அண்ணாச்சி, ஸ்கோருக்கு நான். பழைய அரண்மனை ஒன்று தூரத்தில் தெரியும் புல்வெளி. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இடைவேளையில் பார்வையாளர்கள் மைதானத்துக்குள் இறங்கி, குளம்புகள் பெயர்த்துப் போட்ட புல்கட்டிகளைக் காலால் மிதித்துச் சமன் செய்வது போலோவில் ஒரு சம்பிரதாயம். அண்ணாச்சி மைக்கில் எல்லோரையும் அழைத்துவிட்டுத் தானும் இறங்கினார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு! விடுமுறைக்கு வந்திருந்த துபாய்க் குடும்பங்கள் அதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், கோயில் வாசல் மாதிரி எல்லைக்கோட்டில் செருப்பு வரிசை. அமைப்பாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். லாடத்து ஆணி ஏதாவது குத்தினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றார். "இன்சூரன்ஸப் பத்தி எனக்கே வகுப்பு எடுக்கான் பாத்தியாய்யா" என்று சிரித்த அண்ணாச்சி, ஈரக் காலோடுதான் மைக்குக்குத் திரும்பினார்.

கடைசிச் சுற்றில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. இம்மாதிரி ஆட்டத்துக்கு யாரும் சொந்தக் குதிரையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. அழைத்தவர்களே இரவல் தருவார்கள். நம் அணியின் ரோஹன் ஏறியிருந்ததும் அன்றைக்குத்தான் பழகிய சாம்பல் நிறக் குதிரை. திரும்பும்போது கால் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். குதிரை எழுந்தது. ரோஹன் எழவில்லை. துபாயில் அவன் அம்மா ஆட்டத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூரத்துப் படத்தில், தலைக்கவசத்துக்குள் இருப்பது யார் என்று தெரியாது.

"விழுந்தது யார், அறிவியுங்கள்" என்று அமைப்பாளர் வந்து நின்றார். மேடையில் பெரிய மனிதர்கள் கேட்கிறார்களாம். அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இங்க விழுந்தது ஒருத்தன். பேரச் சொல்லிட்டா வீட்டுலயும் ஒருத்தி விழுவாய்யா. மொதல்ல அவ வீட்டு மனுசன் பக்கத்துல இருந்து சொல்லட்டும். நீ அவன் அண்ணனுக்குப் போனப் போடு."

நான் போன் செய்த நேரம் முழுவதும் அவர் குதிரையைப் பற்றியே பேசினார். குதிரை எழுந்துவிட்டது, உடம்பை உதறிக்கொள்கிறது, முழங்காலில் ஒட்டியிருப்பது புல்தான், ரத்தமில்லை, யாருடைய லாயத்துக் குதிரை, எவ்வளவு சாது. அமைப்பாளர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணாச்சி குரலில் ஒரு நடுக்கமில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டேன், கூடவே இருக்கேன்" என்று அண்ணன்காரன் சொன்னதும் நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் ரோஹன் என்ற பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்துக்கொண்டான். அந்த ஊர்க்காரர்கள் அண்ணாச்சியை மறுபடி அழைக்கவில்லை. "கூப்புடலேன்னா போறாக. குளிருல போயி வெறைக்க வேண்டாம் பாரு" என்றார். அவருக்கு வருத்தம்தான். எனக்குத் தெரியும்.

இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி எப்படியோ கிளப்புக்கு எட்டியிருந்தது. மதியத்துக்குள் அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி ரோஜா மாலை, கண்ணீர்த்துளி எல்லாம் வைத்து அஞ்சலிப் படம் தயார் செய்துவிட்டான். வாட்ஸப்பில் முந்திக்கொள்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் வேகம் வேறு எதிலும் இல்லை. "எல்லா குரூப்லயும் போட்டுரவா சார்" என்றான். "அனுப்பினால் என் முகத்தில் விழிக்காதே" என்று கத்தினேன். கிளப் மேலாளர் ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி வைக்கலாம் என்றார். மகள் வீடு வந்து சேரட்டும் என்றேன். "கலாஸ், விடு, உன் இஷ்டம்" என்று போய்விட்டார்.

அன்று மைக் என்னிடம். பக்கத்து நாற்காலி காலி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இப்படி விட்டுவிட்டுப் போக அவருக்கு என்ன அவசரம்? ஃபேனை அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு ஆட்டத்தைச் சொன்னேன். வழக்கமான குரலைக் காணாமல் சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் குதிரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்று முடிந்து மணி அடித்தபோது அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது மகள்.

"அங்கிள், வந்துட்டேன். அம்மா சொல்லிட்டாங்க." பிள்ளையை அண்ணியிடம் கொடுப்பது கேட்டது. "பார்டர்ல நிக்கும்போது ஃபோன்ல எல்லா குரூப்பும் பார்த்தேன். எதுலயும் அப்பா பேரு இல்ல. சரி, அப்பா இருக்காருன்னு நம்பித்தான் ஓட்டிட்டு வந்தேன். இல்லன்னா பாப்பாவ வச்சுக்கிட்டு என்னால முடிஞ்சிருக்காது, அங்கிள். இப்போ மைக்ல சொல்லுங்க. ஃபுல் நேம் சொல்லுங்க."

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, ஒரு பெயரைச் சொல்வதற்கு முன் அவர் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம். இனி அது என்னுடையது.

மைக்கைத் திறந்தேன். குதிரைகள் எல்லாம் காயமில்லாமல் லாயம் திரும்பிவிட்டன என்று முதலில் சொன்னேன். பிறகு சொன்னேன்.

சண்முகவேல். கோவில்பட்டி சண்முகவேல்.