பூண்டுக்கு வைத்தியம் சொன்ன சாஃப்ட்வேர்

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் சாஃப்ட்வேரை விற்கிறவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அது பதில் சொல்ல ஆரம்பித்த பிறகு திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இனம் நாங்கள். சப்போர்ட் என்று பெயர். ஹெட்செட் மாட்டிய சக பாவிகளே, நான் சொல்வதைப் படித்தாவது கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பழனி பக்கம் பாலசமுத்திரம், வேலை கோயம்புத்தூர் கம்பெனியில். கொடைக்கானலில் மலைப்பூண்டும் காய்கறியும் போடுகிறவர்களின் சங்கம் ஒன்று எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியது. “உனக்குப் பக்கத்து ஊர்தானே” என்று என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். பழனியிலிருந்து அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பக்கம் என்று தெரியும்.

விவசாயி போனில் பேசிக் கேள்வி அனுப்புவார். சங்கத்து அலமாரியில் இருக்கும் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியிருப்போம். மெஷின் அவற்றில் தேடி, கேள்விக்கு நெருக்கமாக இருக்கும் பக்கத்தை எடுத்துப் பதிலாக்கிக் கொடுக்கும். அதற்கென்று சொந்த அறிவு கிடையாது. இதை முதல் நாளே சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். அப்போது டீ வந்துவிட்டது.

நலம் விசாரிப்பு

முதல் கேள்வி மன்னவனூர் ராசு அண்ணனிடமிருந்து வந்தது. “வணக்கம்ங்க. நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? அங்கிட்டு மழை உண்டுங்களா? இங்கிட்டு ஒரே மூடாக் கெடக்கு” என்று நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி மூச்சில்தான் கேரட் இலை கருகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் ‘வணக்கம்’, ‘எல்லாரும்’ என்ற வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, சங்கத்தின் ஆண்டு விழா அறிக்கைக்குள் புகுந்து, “மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே” என்று தொடங்கும் வரவேற்புரையை அவருக்கு அனுப்பி வைத்தது.

அண்ணனுக்குப் பரம சந்தோஷம். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாராம். கேரட் பாட்டுக்குக் கருகிக்கொண்டிருந்தது. நான் போன் செய்து, “அண்ணே, நேரா கேள்விய மட்டும் கேளுங்க” என்றேன். அவர் குரல் தாழ்ந்துவிட்டது: “எடுத்த எடுப்புல சோலியக் கேட்டா அது நம்மளப் பத்தி என்னம்மா நெனைக்கும்?”

சந்தனப் பொட்டு

சங்கத்து ஆபீசில் காகிதம் ஸ்கேன் செய்கிறவள் செல்வி. பக்தி உள்ள பெண். ஆயுத பூஜைக்கு ஸ்கேனருக்கு மட்டுமல்ல, அலமாரியில் இருந்த அத்தனை ஃபைலுக்கும் புத்தகத்துக்கும் முதல் பக்கத்தில் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். வைத்த இடம் சரியாகத் தலைப்பு இருக்கும் இடம். ஆகவே உள்ளே போன ஒரு காகிதத்துக்கும் தான் யார் என்பது தெரியாது.

சோதனைக்காக “பூண்டு அழுகினால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன். “தோலுரித்து நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கவும்” என்றது மெஷின். தோண்டிப் பார்த்தால், மகளிர் குழுவுக்கு அச்சடித்த ஊறுகாய் பயிற்சிக் கையேடு. சந்தனத்துக்கு அடியில் ‘ஊறுகாய்’ மறைந்துபோய், மெஷினின் கண்ணுக்கு அது முழுக்க முழுக்கப் பூண்டு பற்றிய நூல்.

கையேட்டை எடுத்துவிடலாம் என்று சங்கத்து மேனேஜரிடம் போனேன். அவர் அதைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் சங்கத் தலைவர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பட்டென்று மூடி என் கையில் கொடுத்தார்: “தலைவர் வாழ்த்துரை இருக்குற புத்தகத்த எடுத்துட்டு, நான் எங்கேம்மா வேலைக்குப் போறது?”

விடை இல்லை

மேனேஜர் தாமே சோதித்துப் பார்க்க ஒரு நாள் உட்கார்ந்தார். “இந்த வருசம் பூண்டுக்கு நல்ல வெல கெடைக்குமா?” என்று கேட்டார். “என்னிடம் உள்ள ஆவணங்களில் இதற்கு விடை இல்லை” என்றது மெஷின். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உளறுவதற்குப் பதில் வாயை மூடிக்கொள்ள அதைப் பழக்குவதற்குத்தான் எங்கள் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது. “இந்தச் சீட்டுல உக்காந்த நாள்லேர்ந்து ஒரு விவசாயிகிட்டயும் நான் தெரியாதுன்னு சொன்னதில்ல” என்றார். உண்மைதான். இந்த ஊரில் டூரிஸ்ட் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் “ஸ்ட்ரெய்ட்டா போங்க” என்று ஏதாவது ஒரு பதில் கிடைக்கும். சங்கமும் அதே மண்ணில்தானே இருக்கிறது. பதிலுக்குக் கீழே வரும் ‘எந்த ஆவணம், எந்தப் பக்கம்’ என்ற வரியும் அவருக்குப் பிடிக்கவில்லை. படிக்கிறவனுக்குச் சந்தேகம் வருமாம்.

அவர் நேராக எங்கள் டீம் லீடருக்கு போன் போட்டார். டீம் லீடர் கோயம்புத்தூரில் இருந்தபடியே, கேள்விக்கு ஒரு பக்கம் எவ்வளவு நெருங்கினால் பதில் சொல்லலாம் என்ற அளவைத் தரைமட்டத்துக்கு இறக்கி, அந்த வரியையும் எடுத்துவிட்டார். இனி அது எதற்கும் விடை இல்லை என்று சொல்லாது. நான் எகிறினேன். அவர் பதறவே இல்லை: “கஸ்டமர் சந்தோசமா இருக்காரா? அப்ப புகார் டிக்கெட்ட க்ளோஸ் பண்ணுங்க.”

கிளாவரைப் பரண்

கிளாவரையில் சின்னத்தாய் என்றொரு அக்கா. அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டைக் காய்ந்த தண்டோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்திருக்கும் வீடு. பரண் வேலையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் மூணாறுக்கு வேலைக்குப் போயிருந்தார். பூண்டிலிருந்து கரித்தூளும் பூச்சியுமாக உதிர்வதைப் பார்த்து, என்ன செய்வதென்று அக்கா சங்கத்து மெஷினைக் கேட்டார். சுருக்கமான கேள்வி, வணக்கம்கூட இல்லை. மெஷின் உடனே சொல்லிவிட்டது: “பூண்டை நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தவும்.”

விதைப்பூண்டில் தண்ணீர் படவே கூடாது. பட்டால் முளைவிடும், இல்லை பூஞ்சணம் பிடிக்கும். கிளாவரையில் அந்த வாரம் வெயிலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. பாதிக் கட்டுகளை அண்டாவில் முக்கி எடுத்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா எதற்கோ உள்ளே வந்து, கூச்சல் போட்டு நிறுத்தியிருக்கிறார்.

புகார் வந்ததும் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது சாக்கில் பரப்பிய பூண்டு பிசுபிசுவென்று கிடந்தது. சிலது பச்சையாக மூக்கு நீட்டியிருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஊறுகாய்க் கையேடு, செய்முறை, முதல் வரி. மறைக்கப் பிடிக்கவில்லை, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தலைவர் படம், வாழ்த்துரை, ஊறுகாய் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார்: “தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வெரசா பக்கத்து வீட்டுலயே கேட்டிருப்பேனேம்மா?”

பொறுப்பு

கொடைக்கானலுக்குத் திரும்பியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். ‘விடை இல்லை’யை இன்றே திரும்பக் கொண்டுவர வேண்டும், கையேட்டை எடுக்க வேண்டும், சின்னத்தாய் அக்காவுக்குச் சங்கத்து இருப்பிலிருந்து விதை கொடுக்க வேண்டும் என்று மூன்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். “அதுக்கெல்லாம் தலைவர் கையெழுத்து ஆகணும்மா” என்று முதலில் கை விரித்தார். “பதில் சரியாத்தானம்மா இருக்கு, ஊறுகாய்க்குக் கழுவத்தானே செய்வாங்க?” என்றார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“அந்தப் பாதிப் பூண்டுக்கு இப்ப யாரு சார் பொறுப்பு?” என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தலைவர் படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்தார். பிறகு, எந்த ஆவணத்தையும் புரட்டாமல், தெளிவாகச் சொன்னார்: “எனக்குத் தெரியாதும்மா.”

அந்த ஆபீசில் அந்த வார்த்தையைச் சொல்ல மேனேஜருக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. மெஷினுக்குத்தான் இன்னும் தலைவர் கையெழுத்து ஆகவில்லை.