தனகோட்டி ஓடிய தூரம்

இந்த நாட்டில் ஓடுகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. தென்ஜெர்மனியின் இச்சிறு நகரத்தில், அறுபத்திரண்டாம் வயதில், அரைக்கால் சட்டையுடன் காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரைப் பாதையில் மூச்சிரைக்க ஓடுகிறேன். எதிரே நாயுடன் வரும் பெண்மணி "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறார். நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் நெடுஞ்சாலையோரம் ஓடினேன். எங்கள் தொழிற்சாலைத் தொழிலாளர் இருவர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினர். "சார், இன்னா ஆச்சு? யாருக்கு ஒடம்பு சரியில்ல? ஏறுங்க சார், வுட்டுட்டு வர்றோம்!" மதியத்துக்குள் விசாரிக்க எட்டுப் பேர் என் மேசைக்கு வந்துவிட்டார்கள். அதிகாரி தெருவில் ஓடுவது அழகல்ல என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவு முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

அதற்கு முன் நான் ஓட்டக்காரன். நானும் தனகோட்டியும் வேலூர்க் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்லூரிக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர்கள். விடியற்காலையில் கோட்டை அகழியைச் சுற்றி ஓடுவோம். எப்போதும் அவன் என் இடப்பக்கம். படிப்பு முடிந்து இருவரும் ஆம்பூரில் ஒரே காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தோம். அவன் தோல் வெட்டும் கட்டிங் பிரிவு, நான் தரக்கட்டுப்பாடு. பதினொரு ஆண்டுகளுக்கு முன், எங்களிடம் காலணி வாங்கிய நிறுவனமே என்னை இங்கு அழைத்துக்கொண்டது. அவன் ஆம்பூரிலேயே ஓய்வு பெற்றான்.

சென்ற குளிர்காலத்தில், இவ்வூரின் லாவ்ஃப்ட்ரெஃப் என்னும் ஓட்டக் குழுவினர் அக்டோபர் மாரத்தானுக்கு என்னை அழைத்தபோது, மறுத்துவிடும் எண்ணத்தோடுதான் தனகோட்டியிடம் பேசினேன். "நீ அங்க ஓடு தோஸ்த், நான் இங்க ஓடறேன்" என்றான். "ஒரே நாளு, ஒரே தூரம். நாம இன்னா கெழவனுங்களா?" அன்று மாலையே அவனுக்கு ஓட்டக் காலணி ஒரு ஜோடியும், தூரத்தை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கி அனுப்பினேன். அதன்பின் நான் கண்விழிக்கும்போது அவன் ஓடி முடித்த தூரம் கைப்பேசியில் காத்திருக்கும். பனியில் காது மரத்துப்போன நாட்களில், படுக்கையை விட்டு என்னை எழுப்பியது அந்த எண் ஒன்றுதான். அவன் ஓடியதால் நான் ஓடினேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

குழுவின் ஜெர்மானியப் பயிற்சியாளர் யோகன் ஒருநாள், யாருக்காக ஓடுகிறீர்கள் என்று கேட்டார். என் நண்பனுக்காக என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, என் கையை இறுகப் பற்றி, தலை குனிந்து நின்றார். மறைந்தவர்களின் நினைவாக ஓடுவது இங்கு வழக்கம் என்பது எனக்குப் பிறகே விளங்கியது. "அவன் உயிரோடு இருக்கிறான், நேற்று பதினான்கு கிலோமீட்டர் ஓடினான்" என்று சற்று விறைப்பாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். குழுவின் அறையிலிருந்த பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் தனகோட்டியின் பெயரையும் யோகன் எழுதினார். வாரந்தோறும் அவன் ஓடிய தூரத்தை என் கையாலேயே அதில் குறித்துவந்தேன். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இந்த ஒப்பந்தத்தைப் பெருமையாக எழுதினேன். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

செப்டம்பரில் தங்கை மகள் திருமணத்துக்காக வேலூர் சென்றேன். மறுநாள் முதல் பேருந்தில், அவனுக்குச் சொல்லாமல் ஆம்பூருக்குப் புறப்பட்டேன். ஓட்ட உடையிலேயே சென்றேன். என்னைப் போன்றவனுக்கு அது எளிய காரியமன்று. அவன் மனைவி கமலா கதவைத் திறந்தார்.

"வாங்கண்ணா! இன்னாண்ணா இது, அரை டவுசர்ல?"

"ஓடப் போயிட்டானா?"

கமலா உள்ளே திரும்பிப் பார்த்தார். வாசலருகே நான் அனுப்பிய காலணிகள் இருந்தன. கையை விட்டேன், ஈரச் சூடு. இப்போதுதான் ஓடி வந்திருக்கிறான் என்று மகிழ்ந்தேன். பழக்க தோஷத்தால் ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் காலணிகளைப் பரிசோதித்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். இரண்டே முறை போட்டேன் என்று மனிதர் எழுதுவார். அடிப்பாகம் உண்மையைச் சொல்லும்.

தனகோட்டி கைத்தடியை ஊன்றியபடி வந்தான். "நேத்துதான்டா சுளுக்கிக்கிச்சு."

"இது உன் கால் இல்ல."

"இன்னா ஒளர்ற?"

"நீ குதிகாலோட வெளிப்பக்கத்தத் தேய்க்கறவன். காலேஜ்லர்ந்து பாக்கறேன். இது உள்பக்கம் தேஞ்சிருக்குது. யாரு போட்டது?"

கமலாதான் சொன்னார். "கம்பெனி வாட்ச்மேன் பெருமாளுண்ணா. ஊர்லர்ந்து நடந்தேதான் வருவாரு, போவாரு. இவருதான் ஷூவக் குடுத்து, வாட்ச்சயும் கட்டி வுட்டாரு. இப்பதான் கழட்டி வச்சிட்டு ட்யூட்டிக்குப் போனாரு."

"ஒரு நாளு வழி தப்புன மாட்டத் தேடிப் போயி இருவது கிலோமீட்டர் காட்டிட்டான்டா" என்று தனகோட்டி சிரிக்க முயன்றான். "நானே பேஜாராயிட்டேன்."

அந்த இருபதை நான் நன்றாக அறிவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொட்டும் மழையில் இருபத்திரண்டு ஓடினேன்.

"எத்தினி மாசமா?"

"ரெண்டாவது மாசத்துலர்ந்து. முட்டி போச்சு. ஓடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. சொன்னா நீ வுட்டுடுவ. அங்க குளிர்ல தனியா கெடக்கற, ஓடட்டுமேன்னு..."

"நம்ம காலேஜ் குரூப்ல இருக்கறவங்களுக்கு?"

அவன் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "பாதி பேருக்குத் தெரியும்டா."

கமலா கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் வெளியேறினேன். வீடியோ அழைப்புகளில் அவன் காலணியின் மேற்புறத்தைத் துடைத்துப் பளபளவென்று காட்டியது நினைவுக்கு வந்தது. கட்டிங் பிரிவுக்காரன், தோலின் முகத்தைப் பார்த்தே பழகியவன். அடியைத் துடைக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவன் என்மேல் கொண்ட இரக்கத்தைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். கைதட்டிய அத்தனை பேரில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே, அதை என்ன செய்வது?

ஜெர்மனி திரும்பியதும் ஓட்டக் குழுவின் அறைக்குச் சென்று, அவன் பெயருக்குக் கீழிருந்த எண்களை அழித்தேன். சரிபார்க்காமல் ஒரு பெட்டிச் சரக்கைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை. இதைமட்டும் பார்க்காமலே கையெழுத்திட்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற யோகன் பலகையைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். இல்லை, உயிரோடுதான் இருக்கிறான் என்று சொல்ல இம்முறை எனக்கு வெகுநேரம் பிடித்தது.

மாரத்தானுக்கு இன்னும் ஒன்பது நாட்கள். இன்று காலை தனகோட்டியிடமிருந்து செய்தி வந்தது. "ஒரு கிலோமீட்டர். தடியோட. நானே நடந்தது." உடன் காலணியின் அடிப்பக்கத்தின் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். பெருமாளின் தேய்மானத்தின்மேல் ஆம்பூர்ப் புழுதி. குதிகாலின் வெளிப்பக்கத்தில் சிறு கீறல் போல ஏதோ ஒன்று. ஒரு கிலோமீட்டர்த் தேய்மானத்தை வைத்து எந்தப் பரிசோதகனும் எதையும் சொல்ல முடியாது. பதில் எழுதாமல் கைப்பேசியை வைத்துவிட்டு ஓடக் கிளம்பினேன். ஆற்றங்கரையில் நெடுந்தூரம் போனபின்தான் கவனித்தேன்: ஆளே இல்லாத அந்த அகலமான பாதையின் வலது ஓரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தேன், இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.