நீலமேகத்தின் பொம்மைப் பெட்டி

துப்பறியும் நிபுணர் நீலமேகத்துக்கு ஒரு கொலையைப் பற்றி யோசிக்க வேண்டுமென்றால் தரையில் உட்கார வேண்டும். கோட்டுப் போட்ட ஆறடி மனிதர், நரைத்த மீசை வேறு, சப்பணம் போட்டுக்கொண்டு தகரத் தவளையை டக் டக்கென்று அமுக்குவார். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்வார். கடைசிப் பக்கத்தில் குற்றவாளி அகப்படுவான். திண்டிவனத்தில் அச்சாகி மாதாமாதம் வந்த அந்த நாவல்களை ரயிலில் போகிறவர்கள் வாங்கிப் படித்து, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எழுதியவர் சக்கரபாணி, விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா.

அவர் மனைவி தையல்நாயகி ஒரு நாளும் சிரித்ததில்லை. அந்தத் தவளை அவள் மகளுடையது.

மகளுக்கு வெள்ளையம்மாள் என்று பெயர். மாமியார் பெயர் என்பதால் தையல்நாயகி அதை வாயால் சொல்லாமல் பாப்பா என்றே கூப்பிட்டாள். ஐம்பத்தாறாம் வருஷம், ஐந்து வயது முடியுமுன், தொண்டை அடைப்பான் அவளைக் கொண்டுபோயிற்று. அதுவரை நீலமேகம் எல்லாத் துப்பறிவாளர்களையும் போலச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். காரியம் முடிந்த மறுமாசம் சுருட்டுப் போய்ப் பொம்மை வந்தது. ஒரு புத்தகத்தில் கிலுகிலுப்பை, அடுத்ததில் மரப்பாச்சி, அப்புறம் சொப்பு. சக்கரபாணி பாப்பாவின் பொம்மைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு எழுதுவார். முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைப்பார். செத்த பிள்ளையின் சாமானைக் கதையாக்கி விற்கிறானே என்று அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். தையல்நாயகிக்கு அந்தக் கோபம் வரவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் பயம்.

பெட்டியின் அடியில் ஒரு கண்ணாடி பாட்டில் கிடந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பாட்டிலை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் தண்ணி மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பசை தடவி ஒட்டித் தருவார். பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று காலை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுத்தான் சக்கரபாணி டூட்டிக்குக் கிளம்பினார். அவள் போகவில்லை. தொண்டைச் சீக்கு என்றால் பிள்ளையைத் தொத்து வார்டில் போட்டுவிடுவார்கள், தாயை உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திருவக்கரைக் காளிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுக் கஷாயம் கொடுத்தாள். சாயங்காலம் அவர் வந்து கேட்டதற்கு, போய் வந்தேன், மருந்து கொடுத்தார்கள் என்று வாய் கூசாமல் சொன்னாள். வீட்டிலிருந்த ஒரே பாட்டில் அந்நேரம் பாப்பா கையில் இருந்தது. பாயில் படுத்தபடியே எண்ணெய்க்கடை விளையாடிக்கொண்டிருந்தாள். விடிந்தபோது மூச்சு இழுத்தது. வண்டி பிடித்துப் போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது.

சக்கரபாணி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, பிள்ளை தொட்டது. எறிந்தால் அவருக்குத் தெரிந்தும் போகும். ஒவ்வொரு மாசமும் புதுப் புத்தகம் வந்தால் முதலில் பாட்டில் இருக்கிறதா என்றுதான் புரட்டுவாள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

அறுபத்திரண்டு மாசியில் வந்த புத்தகத்தில் பாட்டில் இருந்தது. நீலமேகம் தரையில் உட்கார்ந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பட்டை இல்லை, பசைத் தடம்கூட இல்லை. இந்தத் தாய் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை என்று அவருக்கு விளங்கிவிடுகிறது. பாட்டிலைப் பெட்டியில் திரும்ப வைக்கிறார். இந்த வழக்கில் நான் தோற்றுவிட்டதாக எழுதிக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

தையல்நாயகி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத மனுஷன் என்று எண்ணும்போது நெஞ்சு லேசாயிற்று. மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"அன்னிக்கு சாயங்காலமே. பாப்பா பாட்டில வச்சிக்கினு இருந்துச்சே. பட்டை இல்ல. பார்த்ததும் புரிஞ்சிடுச்சி."

"அப்ப அது உசுரோட இருந்துச்சிங்களே. ஏன் தூக்கிக்கினு ஓடல?"

சக்கரபாணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நல்ல துப்பா இருக்குதேன்னு நோட்டுல குறிச்சி வச்சிக்கினேன். அந்த மாச புஸ்தகத்துல நாலு பக்கம் பாக்கி இருந்துச்சி. காலையில தூக்கிக்கினு போவலாம்னு எழுத உக்காந்துட்டேன்."

மோர் ஊற்ற எடுத்த சொம்பைத் தையல்நாயகி கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த புத்தகத்தில் நீலமேகம் மறுபடியும் சுருட்டுப் பிடித்தார். பொம்மை எங்கே என்று கேட்டு வாசகர்கள் கார்டு போட்டார்கள். பெட்டிக்குத் தையல்நாயகி பூட்டுப் போட்டிருந்தாள்.