கழித்துப்போட்ட மூன்று துண்டுகள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். எலியின் இதயத்திலிருந்து அரிசி அளவுக்கு வெட்டியெடுத்த தசைத் துண்டில் பட்டு நூலை முடிந்து, வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவது அவர் வேலை. செத்த எலியின் தசை அங்கே மணிக்கணக்கில் சுருங்கி விரியும். மேலே உள்ள கருவி அதை மேடுமேடாகக் கோடு போட்டுக் காட்டும். பத்தொன்பது வருஷமாக உயிர் போனதைத் துடிக்க வைத்துச் சம்பளம் வாங்கியவர், தனக்கு ஊசி போட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மனநோய் மாத்திரை ஒன்றைச் சோதித்தபோது, பத்துத் துண்டில் மூன்று, மருந்து கலந்ததும் மெல்ல ஓய்ந்தன. துண்டு சரியாக இழுக்காவிட்டால் முடிச்சு நழுவியிருக்கும், கழித்துவிட்டு வேறு கட்டு என்பது அங்கே வழக்கம். மருந்து ஊற்றும்வரைக்கும்தான் அந்த வழக்கம். தன் முடிச்சு நழுவியது வெளியே தெரியக் கூடாது என்ற ரோஷத்தில் நூல்காரர் அதை மருந்து ஊற்றிய பிறகும் நீட்டிக்கொண்டார். மூன்றையும் சத்தமில்லாமல் குப்பையில் போட்டு வேறு கட்டினார். கோடுகளைப் பார்த்துப் பேராசிரியர் பூரித்துப்போனார். இதயத்துக்குப் பாதகமில்லை என்று கட்டுரை வெளியானது.

நான்கு வருஷம் கழித்து அதே மாத்திரை நூல்காரர் வீட்டு அலமாரிக்கு வந்தது. சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மனைவி, மூன்றே மாதத்தில் அவரோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினாள். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய கணவன் வேறு யாரும் இருக்க முடியாது. பிறகு ஒருநாள் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இதயம் தளர்ந்தால் கால் இப்படித்தான் வீங்கும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் பத்துத் துண்டு கட்டினார், ஒன்றையும் கழிக்கவில்லை. அதே மருந்தை ஊற்றினார். நான்காவது, ஏழாவது, ஒன்பதாவது கோடுகள் மேடு குறைந்து படுத்துவிட்டன. முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். மூன்றும் இறுக்கமாகவே இருந்தன.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எலிக்கு ஆகறதெல்லாம் மனுஷனுக்கு ஆகணும்னு இல்லையேப்பா."

"எலிக்கு ஒண்ணும் ஆகலன்னுதானே சார் மனுஷனுக்குக் குடுத்தோம்."

பேராசிரியர், போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

மாலையில் மனைவியிடம் முடிச்சு, குப்பை, கட்டுரை எல்லாவற்றையும் சொன்னார். இதய டாக்டரிடம் மறுநாளைக்கு நேரம் வாங்கியிருப்பதாகவும், அதுவரை மாத்திரை வேண்டாம் என்றும் சொல்லி முடித்தார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கையை நீட்டினாள்.

"டாக்டர பாக்கலாம். ஆனா இத நிறுத்தினா யார் வந்து பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். குடுங்க."

நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் மாத்திரையோடு தண்ணீரையும் அவரே கொடுத்தார். அவள் விழுங்கியதும், மருந்து கலந்த பிறகு கோட்டைப் பார்க்கும் அதே பழக்கத்தில், அசையாமல் நின்று அவளைப் பார்த்தார்.