டெஸ்டர் அக்கா போட்ட படகு விளக்கு

கொண்டையில் ஊசிக்குப் பதிலாக டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிந்ததால், அவளுக்கு டெஸ்டர் அக்கா என்ற பேரே நிலைத்துவிட்டது. இருபது வருஷமாக வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறாள். "நான் போட்ட சுவிட்சு என் வீட்டுக்காரர் மாதிரி. ஒரு தட்டு தட்டினா சொன்னதக் கேட்கும்" என்பாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

மின்சாரத்தோடு விளையாடுகிறவளுக்குத் தண்ணீர் என்றால் மட்டும் பயம். அதனால் கொழுந்தன் ஒரு சின்னப் படகை வாங்கி, "அண்ணி, லைட்டும் சுவிட்சும் நீங்கதான் போட்டுத் தரணும்" என்று வந்து நின்றபோது மூன்று நாள் சாக்குச் சொன்னாள். நாலாம் நாள் சாக்குத் தீர்ந்துபோயிற்று.

படகின் பின்பக்கத்தைத் துறை மேடையோடு இறுக்கிக் கட்டியிருந்தான். அப்படியும் அது ஆடியது. பழக்க தோஷத்தில் கொண்டை டெஸ்டரை உருவி பேட்டரியில் வைத்தாள். எரியவில்லை.

"பேட்டரி செத்துப்போச்சு தம்பி!"

"அண்ணி, இது வெறும் பன்னண்டு வோல்ட்டு. அதுக்கெல்லாம் அந்த டெஸ்டர் மசியாது."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கை தானாக ஓடியது. ஸ்டியரிங் பக்கத்தில் ஆறு சுவிட்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ், அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்குத் தனி ஒயர். கடைசியில் முன்முனை விளக்குகள் மிஞ்சின.

"இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை அண்ணி. ராத்திரில அத வச்சுத்தான் படகு எந்தப் பக்கம் போகுதுன்னு மத்தவங்களுக்குத் தெரியும்."

முன்முனையில் உட்கார்ந்ததும் எதிரே தண்ணீர் விரிந்து கிடந்தது. தலை சுற்றியது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கைப்பக்கம் சிவப்பையும் வலது கைப்பக்கம் பச்சையையும் திருகி முடித்தாள்.

அந்தி சாய்ந்ததும், "செஞ்ச வேலைய நீங்களே பாக்க வேணாமா?" என்று கொழுந்தன் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எதிரே பயணிகள் படகு ஒன்று வந்தது. வந்தது, தயங்கியது, அப்படியே நின்றுவிட்டது. ஒலிபெருக்கி அலறியது.

"ஏய் சின்னப் படகு! நீ வர்றியா, போறியா?"

"வர்றோம்!"

"விளக்கு அப்படிச் சொல்லலயே!"

பயணிகள் கொல்லென்று சிரித்தார்கள். கொழுந்தன் திரும்பிப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குற? உனக்கு ஓட்டத் தெரியல" என்று சீறியவள், தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். குரல் இறங்கியது. "தம்பி, நான் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தேன்?"

"என்னப் பாத்து."

"போச்சு. என் இடது, படகுக்கு வலது."

"நான் மாத்திடறேன் அண்ணி."

"என் தப்ப இன்னொருத்தர் கழட்டக் கூடாது."

வயிற்றைத் தரையோடு ஒட்டி, முன்முனைக்கு ஊர்ந்தாள். இரண்டு விளக்கும் ஒரே மாதிரிதான். கண்ணாடி மூடிதான் நிறம் வேறு. கழற்றி, மாற்றித் திருகினாள். பயணிகள் படகிலிருந்து ஆளுக்கொரு யோசனை வந்துகொண்டிருந்தது. "பாத்தும்மா, பாத்து!" என்று ஒருவர் கத்த, "நீங்க பாத்துக்கிட்டேதானே இருக்கீங்க, நான் வேலையப் பாக்கறேன்" என்று இவள் திருப்பிக் கத்தினாள்.

பெரிய படகு இரண்டு முறை ஹாரன் அடித்து விலகிப் போனது. மறுவாரம் அதன் ஓட்டுநர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எங்க படகுல ஹாரன அழுத்தினா வைப்பரும் சேர்ந்து ஓடுதும்மா. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

வீட்டுக்காரர் கவலையோடு அவள் முகத்தைப் பார்த்தார். "பயம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? அது பாட்டுக்கு இருக்கு" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.