கடைக்காரியின் பாட்டு

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இருக்கும் நிசாந்தினியை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. இத்தனை வருட நடிப்பில் அவளுக்குக் கிடைத்தது தாதி வேடம், இல்லாவிட்டால் டெயரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடையில் கடைக்காரி வேடம். எங்கள் நிறத்துக்கு ஆக்லாந்தில் வேறு வேலையே இல்லை என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். நன்றாகப் பாடக்கூடியவள் பாண் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். மேடையில் ஒருதரமாவது பாடிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

போன வருடம் ஓர் இசை நாடகத்துக்கு அழைப்பு வந்தது.

"இந்தமுறை என்ன, தாதியோ கடைக்காரியோ?" என்று கணவன் யசீகரன் சீண்டினான்.

"பிரேசில் பாடகி."

அவளுக்கே நம்பமுடியவில்லை. காரிலும் குளியலறையிலும் போர்த்துக்கீசப் பாட்டுகளைப் பாடிப் பாடமாக்கினாள்.

உடுப்பு அளவு பார்க்கும் நாளில் ஒருத்தி சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரி வேடமாம். பெயர் ஜுசாரா, ஊர் பிரேசில். அங்கே மேடை, சினிமா, பாட்டு என்று கொடிகட்டிப் பறந்துவிட்டு, மகளோடு இருக்க இங்கே வந்தவள். பாடகி வேடத்தைத்தான் முதலில் கேட்டாளாம். பிரேசில்காரி மாதிரித் தெரியவில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டாராம்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நிசாந்தினி அவளுக்குச் சேலைக் கொய்யகத்தை மடித்துச் செருக, ஜுசாரா அந்தப் போர்த்துக்கீசப் பாட்டுகளில் ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தாள். தான் பாடமாக்கியது வெறும் சொற்களை என்று நிசாந்தினிக்குச் சுரீரென்று உறைத்தது.

"வேஷத்தை மாத்தச் சொல்லிக் கேக்கப்போறன்," என்றாள் வீட்டில்.

"உமக்கென்ன விசரே? இதுக்குத்தானே இவ்வளவு காலமும் காத்திருந்தனீர்?"

"ஓம். அதுதான் நெஞ்சு வேகுது. ஆனா அவள் பாடிக் கேட்டபிறகு என்னால வாய் திறக்கேலாது."

இயக்குநர் அசடு வழிந்தார். "கடைக்காரிக்குப் பாட்டு இல்லையே," என்று இழுத்தார்.

"கடைக்காரி பாடமாட்டாள் என்று யார் சொன்னது?" என்று நிசாந்தினி பட்டென்று கேட்டாள். அவர் வேடப் பட்டியலில் இருவர் பெயரையும் இடம் மாற்றி எழுதினார்.

அரங்கேற்றத்தன்று ஜுசாராவுக்குக் கைதட்டல் ஓயவே இல்லை. அடுத்த காட்சியில் நிசாந்தினி கடை திறந்தாள். பாலும் பாணும் வாங்க வருகிறவர்களைக் கிண்டல்செய்து தானே கட்டிய தமிழ்ப் பாட்டை, பாணை அடுக்கியபடியே எடுத்துவிட்டாள். ஒரு சொல்லும் விளங்காத சனம் சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டது. பாண் அடுக்கி முடிந்தும் அவள் பாட்டை நிறுத்தவில்லை.

சில வாரங்களில் இன்னோர் அழைப்பு. மறுபடியும் கடைக்காரிதான். யசீகரன் இம்முறை சீண்டவில்லை.

"பாட்டு இருக்கோ எண்டு கேட்டனீரோ?"

"கேக்கேல்லை. இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."